சுவரில் மாட்டிய பழைய கடல் வரைபடம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

உப்புக்காற்று:
உப்புவெளியில் ஒரு விடுதி, பெயர் வேண்டாம். வரவேற்பறைச் சுவர் முழுக்க எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் பழைய வரைபடம், கான்வாஸில் அச்சடித்தது. ஓஸ்டன்பேர்க் கோட்டை, சோபர் தீவு, கோணேசர் மலை எல்லாம் அதனதன் இடத்தில். கடலில் மட்டும் ஆழத்தைக் காட்டும் ஒரு இலக்கம்கூட இல்லை, வெறும் வெளிர்நீலம். கிட்டப் போய்ப் பார்த்தால் அழித்த தடம் மங்கலாகத் தெரிகிறது. மனேஜரிடம் கேட்டேன். "சின்னச் சின்ன இலக்கம் நிறைய கிடந்தது சேர். ஊத்தையா இருக்கு எண்டு டிசைன் செய்த பிள்ளை எடுத்துவிட்டுது, இப்ப வடிவா இருக்கு" என்றார், பெருமையாக.

அந்த ஒவ்வொரு இலக்கத்துக்கும் ஒருவன் படகில் நின்று ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கியிருக்கிறான். குண்டின் அடியில் கொழுப்புப் பூசி, ஒட்டி வந்ததைப் பார்த்து மணலா சேறா என்றும் குறித்திருக்கிறான். 1782இல் மட்டும் இந்த ஊர் டச்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், அவர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் கைமாறியது. எல்லோரும் அடிபட்டது அந்த ஆழத்துக்காகத்தானே? அதைப் போய் ஊத்தை என்றால்!

ஓர்ஸ்ஹில் வாசி:
அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ. பழைய படம் எல்லாமே கப்பலோட்டப் போட்டது இல்லை. பிரான்ஸின் வரைபடக்காரர் பெல்லின் 1764இல் வெளியிட்ட அட்லஸ் மாதிரி, வீட்டில் இருந்து பார்க்கிறவர்களுக்கான புத்தகப் படங்களும் உண்டு. அவற்றில் எல்லா இடத்திலும் ஆழம் இருக்க வேண்டும் என்றில்லை.

என் கதை வேறு. கொழும்பில் ஒரு கடையில் "ஒரிஜினல்" என்று ஒன்றைக் காட்டினார்கள். கடதாசி நல்ல பழுப்பு, ஓரம் கிழிசல், விலை கேட்டால் தலைசுற்றும். போன் கமராவைப் பெரிதாக்கிக் கடல் ஓரத்தில் பிடித்தேன். கோடு கோடாக இருக்கவில்லை, கலர் கலராகப் புள்ளிகள், இந்தக் கால அச்சு! செப்புத்தகட்டில் அச்சடித்ததென்றால் படத்தைச் சுற்றித் தகடு அழுந்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். இதில் ஒன்றுமில்லை. கடைக்காரர் பேசாமல் சுருட்டி உள்ளே வைத்துவிட்டார்.

உப்புக்காற்று:
தம்பி, அழித்த தடம் தெரிந்தது என்று எழுதியிருக்கிறேன். இருந்ததைத்தான் அழிக்கலாம்.

மூதூர் மகள்:
சண்டையை விடுங்கள். 19ஆம் நூற்றாண்டு இங்கிலிஷ் கடற்படைப் படத்தின் நகல் ஒன்றை நானா (அண்ணன்) வாங்கி வந்து ஹோலில் மாட்டினார். வாப்பா கடலுக்குப் போனவர், இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது. இலக்கம் தெரியுமே! மூதூர்க் கரையில் விரலை வைத்து, கண்ணாடி மேலே இழுத்துக்கொண்டே போனார். ஆங்கிலேயரின் ஆழ அளவான ஃபேதம் 6 அடி, இரண்டு கையையும் விரித்து அளக்கும் எங்கள் பாகமும் ஏறக்குறைய அதே அளவுதான், அதனால் அவருக்குக் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. "இது சரி… இதுல ஒரு பார் கிடக்கு, போடல்ல… இது சரி." பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு. கொட்டியாரக் குடாவுக்கு நடுவே விரல் நின்றுவிட்டது.

"இதென்ன மகள், இலக்கத்துக்குத் தொப்பி போட்டிரிக்கி?"

இலக்கத்தின் மேல் ஒரு கோடு, கோட்டின் மேல் ஒரு புள்ளி. அவ்வளவு கயிறு விட்டும் தரை தட்டவில்லை என்று அர்த்தம். சொன்னதும் வாப்பாவுக்கு ஒரே சிரிப்பு. "அந்தக் கிடங்குல எங்க தட்டுற? வெள்ளைக்காரனும் கயிறு முடிஞ்சுதான் திரும்பியிருக்கான்!" கடலடிப் பள்ளத்தாக்கு அந்தக் குடாவுக்குள்ளேயே தொடங்குகிறது. அவர் அதைப் படத்தில் பார்த்தது அன்றுதான். இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தொப்பியைக் காட்டுகிறார், அப்புறம்தான் தேத்தண்ணி.

சட்டக்கடை:
தங்கச்சி, கண்ணாடி படத்தோடு ஒட்டிக்கொண்டா இருக்கிறது? அப்படியென்றால் உடனே கழற்றுங்கள். நடுவில் தடித்த மட்டை வைத்து இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் வாடைக்காற்று மழையில் ஈரம் பிடித்து, மை கண்ணாடியில் ஒட்டிவிடும். மழைச்சாரல் ஊறும் வெளிச்சுவரில் மாட்டக் கூடாது. பின்பக்கம் நாலு மூலையிலும் தக்கைத் துண்டு ஒட்டினால் காற்றுப் போகும், பூஞ்சணம் வராது. இராமபாணப் பூச்சிக்குப் பசை என்றால் உயிர், அதனால் படத்தைப் பலகையில் முழுக்க ஒட்டாதீர்கள். யன்னல் வெயில் பட்டால் முதலில் வெளுப்பது சாயம் பூசிய பகுதிதான். லெமினேட் செய்யவே வேண்டாம்.

எனக்கு நடந்தது சின்ன விஷயம். ஒருவர் தானே வாங்கி வைத்திருந்த ரெடிமேட் பிரேமுக்குள் படம் அடங்கவில்லை என்று, என் பிரேம் கடை மேசையிலேயே பிளேட்டால் கீழ் ஓரத்தை வெட்டினார். அளந்த கப்பல், ஆண்டு, திருத்திய தேதிகள் எல்லாம் ஒரு நாடாவாகக் கீழே விழுந்தன. எடுத்துக் கொடுத்தேன். "குப்பைதானே, போடுங்கோ" என்றார்.

ஓர்ஸ்ஹில் வாசி:
பிரேம் பற்றி யாரும் கேட்கவில்லையே ஐயா? ஆனாலும் தக்கை யோசனை நல்லது.

மூதூர் மகள்:
இடைவெளி இருக்கிறது நானா, பார்த்துவிட்டேன். இந்த இழையை வாப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். உப்புவெளி விடுதிக்காரர் இலக்கங்களைத் திரும்பப் போடுவதாக இருந்தால் தான் வந்து ஒவ்வொரு பாரும் சொல்லித் தருவாராம். மீன் படுகிற பார்களைத் தவிர.