இதயச் செயலிழப்புக்கு எந்த பேஸிங் (கருவி வைத்து இதயத்தை மின்சாரத்தால் தூண்டும்) முறை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அப்பாவுக்கு இதயச் செயலிழப்பு. எக்கோவில் பம்பிங் (இடது கீழறை ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 30 சதவீதம்தான். ஈசிஜியில் இடது கிளைக் கற்றை அடைப்பு, அதாவது இடது கீழறைக்குப் போகும் மின்பாதையில் தடை; கியூஆர்எஸ் (கீழறைகள் முழுக்கத் தூண்டப்பட எடுக்கும் நேரம்) அகலம் 160 மில்லிசெகண்ட். மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டும் மூச்சு வாங்குவது குறையவில்லை. டாக்டர் இரண்டு வழிகள் சொல்கிறார்.

ஒன்று சிஆர்டி. இரண்டு கீழறைகளையும் சேர்த்துத் தூண்டுவது. இடப்பக்க வயர் இதயச் சிரை வழியாகப் போக வேண்டும்; சிலருக்குச் சிரை வாகாக அமையாது, சிலருக்கு உதரவிதானமும் சேர்ந்து துடிக்குமாம். ஆனால் ஆயுளைக் கூட்டுகிறது என்று காட்டிய பெரிய ஆய்வு, 2005-இல் வந்த கேர்-எச்எஃப், இதற்குத்தான் இருக்கிறது.

இன்னொன்று இடது கிளைக் கற்றை பேஸிங். வயரை நடுச்சுவருக்குள் திருகி, இதயத்தின் சொந்த மின்பாதையையே பிடிக்கிறார்கள். எனக்கென்னவோ இதுதான் இயல்பாகப் படுகிறது. 2017-இல்தான் வெளியே தெரிந்த முறை, அதுதான் தயக்கம். ஹிஸ் கற்றை முறையை (மின்பாதை கிளை பிரியும் முன்பே தூண்டுவது) டாக்டரே தள்ளிவிட்டார், பேட்டரி சீக்கிரம் தீரும் என்று.

சரி, கேள்விக்கு வருகிறேன். சிஆர்டி வயர் சரியாக அமையாமல் கிளைக் கற்றைக்கு மாறியவர்கள் இங்கே உண்டா? கியூஆர்எஸ் எவ்வளவு குறைந்தது, பம்பிங் ஏறியதா? கூடவே ஐசிடியும் (ஆபத்தான துடிப்பு வந்தால் மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் கருவி) வைத்தார்களா? டாக்டரிடம் நான் கேட்க மறந்துவிடக் கூடாதது எது என்றும் சொல்லுங்கள்.