'மத்முவசேல்' போனது நல்லதா?

பாரிஸ்வாசி:
பிரெஞ்சு அரசுப் படிவங்களில் முன்பு ஆணுக்கு 'முசியே' (திரு) என்று ஒரே கட்டம். பெண்ணுக்கு மட்டும் 'மதாம்' (திருமதி), 'மத்முவசேல்' (செல்வி) என்று இரண்டு. மணமானவளா இல்லையா என்று முதல் வரியிலேயே சொல்லியாக வேண்டியிருந்தது. 2012 பிப்ரவரியில் பிரதமர் பிரான்சுவா ஃபியோன் சுற்றறிக்கை அனுப்பி இரண்டாவது கட்டத்தை நீக்கச் சொன்னார். நல்ல காரியம்.

பழஞ்சொல்:
எனக்கு உடன்பாடில்லை, அம்மா. அழகான சொல்லை ஆணை போட்டு ஒழிப்பதா? அதற்குள் இருக்கும் 'தமுவசேல்' என்றால் உயர்குடி இளம்பெண். பதினான்காம் லூயியின் சித்தப்பா மகள் 'லா கிராந்த் மத்முவசேல்' என்றே வரலாற்றில் நிற்கிறார். நாடக ஆசிரியர் மொலியேரின் மனைவியைக்கூட 'மத்முவசேல் மொலியேர்' என்றார்கள். மணமானவர்தானே அவர்? பாரிசின் அரசு நாடக அரங்கான கொமெதி பிரான்சேஸ் நடிகைகளுக்கும் அது பெருமைக்குரிய பட்டம்.

பாரிஸ்வாசி:
ஐயா, 17ஆம் நூற்றாண்டில் அது குலத்தைச் சொன்னது. பிறகு கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்க்கும் சொல்லாகிவிட்டது. 34 வயதில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனேன். அலுவலர் 'மதாம்' என்று தொடங்கினார். என் மோதிர விரலைப் பார்த்தார். 'மத்முவசேல்' என்று திருத்திக்கொண்டார். அடுத்த கேள்வி: "வாடகைக்கு உங்கள் அப்பா ஜாமீன் தருவாரா?" சம்பளச் சீட்டு மேசைமேல்தான் இருந்தது. ஆணுக்கும் 'தமுவாசோ' (உயர்குடி இளைஞன்) என்று ஒரு சொல் இருந்தது. அது வழக்கொழிந்ததற்கு யாராவது வருந்தினார்களா?

புதுவைக்காரன்:
ஒரு திருத்தம். சொல்லுக்குத் தடை இல்லை. அரசுப் படிவத்திலிருந்து மட்டும்தான் அது நீக்கப்பட்டது. அந்தச் சுற்றறிக்கையை எதிர்த்துத் தொடுத்த வழக்கை உச்ச நிர்வாக நீதிமன்றம் 2012 டிசம்பரில் தள்ளுபடி செய்தது. 'கன்னிப்பெயர்' (பெண்ணின் மணத்துக்கு முந்தைய பெயர்) என்ற சொல்லும் அதே சுற்றறிக்கையோடு போயிற்று. அதுவும் சரியே: பிறப்புப் பதிவில் உள்ள பெயரே ஒருவரின் பெயர் என்பது 1794 முதல் சட்டம். கணவர் பெயரைப் பயன்படுத்துவது வழக்கம் மட்டுமே.

பழஞ்சொல்:
தடை இல்லை என்பதை ஏற்கிறேன். எங்கள் தெரு ரொட்டிக்கடைக்காரர் 60 வயதான என் மனைவியை 'பொன்ஷூர், மத்முவசேல்' என்று வரவேற்பார். அவள் முகம் மலர்வதை நீங்கள் பார்க்க வேண்டும்.

பாரிஸ்வாசி:
அவர் சொல்லட்டும் ஐயா. ரொட்டி கொடுக்க அவர் ஜாமீன் கேட்பதில்லை.

பழஞ்சொல்:
என் மகளுக்கு 31 வயது. வங்கிக் கடிதங்கள் இன்னும் 'மத்முவசேல்' என்றே வருகின்றன. அவளுக்கு அது எப்படி இருக்கிறது என்று இதுவரை நான் கேட்டதில்லை. இன்று இரவு கேட்கிறேன்.