கடற்கரைச் சண்டையும் கல்யாண மண்டபமும்

வாட்ஸ்அப் குழு: ஆலமரத்தடி (நம் குடும்பம்)
24 ஏப்ரல் 2022, ஞாயிறு

ராஜாமணி, காலை 6:02
அனைவருக்கும் ஞாயிறு காலை வணக்கம் 🌺

முரளி, 7:41
பெசன்ட் நகர் கடற்கரையில் இன்று என் ஓட்டத்தை ஒரு பெரியவர் பாதியில் நிறுத்திவிட்டார். வியர்வை கொட்டக் கொட்ட ஓடிக்கொண்டிருக்கிறேன். முகக்கவசத்தைக் கழற்றி மணிக்கட்டில் சுற்றியிருந்தேன். எதிரே வந்தவர் கைத்தடியைக் குறுக்கே நீட்டி, "ஏன் தம்பி, பேப்பர் படிக்கிற பழக்கம் இல்லையா? முந்தாநாள்தானே கொரோனாவுக்காக முகக்கவசம் போடாவிட்டால் 500 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள்?" என்கிறார்.

சாரதா, 7:44
சரியாகத்தானே கேட்டிருக்கிறார்.

முரளி, 7:46
அத்தை, முழுவதையும் கேளுங்கள். சுற்றிலும் ஆளே இல்லை. தொப்பியைப் பறித்துக்கொண்டு போகிற மாதிரி கடல் காற்று வீசுகிறது. அவருடைய முகக்கவசம் மூக்குக்குக் கீழே தொங்குகிறது. அதையும் தாடைக்கு இறக்கிவிட்டுத்தான் என்னைத் திட்டினார்.

சிதம்பரம், 7:47
முகத்தை மூடிக்கொண்டு திட்டினால் திட்டில் சுவை இருக்காதே.

சாரதா, 7:49
நீ என்ன பதில் சொன்னாய்? அதைச் சொல்லு முதலில்.

முரளி, 7:50
"ஐயா, அபராதம் வாங்குவது மாநகராட்சியின் வேலை, உங்கள் கைத்தடியின் வேலை இல்லை" என்றேன்.

சாரதா, 7:51
அதுதான் வாய்க்கொழுப்பு. உன் தாத்தா வயது இருக்கும் அவருக்கு.

முரளி, 7:52
வயதுக்கு மரியாதை கொடுத்துத்தானே "ஐயா" என்றேன், அத்தை!

சாரதா, 7:58
முரளி, நான் அறுபதைத் தாண்டியவள், சர்க்கரையும் இருக்கிறது. நானும் பூங்காவில் நடக்கிறேன். உன்னைப் போன்றவர்கள் புஸ் புஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டு முழங்கை உரசுகிற தூரத்தில் ஓடிப்போகிறீர்கள். உனக்கு அது ஒரு நொடி. எனக்கு, அடுத்து வருகிறவன், அதற்கடுத்து வருகிறவன் என்று காலை முழுவதும் அதே கதை. இவன் ஊசி போட்டானா, நேற்று எங்கே போய்விட்டு வந்தான், வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? பயமாக இருக்கிறது. பயந்தவர்கள் கொஞ்சம் கத்தத்தான் செய்வார்கள்.

முரளி, 8:01
பயம் புரிகிறது. ஆனால் அந்தப் பெரியவர் பயந்தவராகத் தெரியவில்லையே! பயம் இருந்தால் விலகியல்லவா போயிருக்க வேண்டும்? இத்தனை பெரிய மணல்வெளியில் நேரே என்னிடம் வந்து, கைத்தடியை நீட்டி, எச்சில் தெறிக்கிற தூரத்தில் நின்று பாடம் நடத்தினார். சண்டை தொடங்கும் வரை எங்களுக்கு நடுவே ஒரு பஸ்ஸை நிறுத்துகிற அளவு இடைவெளி இருந்தது.

ராஜாமணி, 8:05
பலமுறை பகிரப்பட்டது:
*எச்சரிக்கை!!* முகக்கவசம் அணிந்து நடைப்பயிற்சி செய்தால் நாம் விட்ட கரியமில வாயுவையே திரும்பச் சுவாசித்து ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து மயக்கம் வரும். தாமதிக்காமல் பத்துப் பேருக்கு அனுப்பவும்.

கவிதா, 8:09
பெரியப்பா, வணக்கம். இதைப் பத்துப் பேருக்கு அனுப்புவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? அறுவை அரங்கில் மணிக்கணக்காக முகக்கவசத்தோடு நிற்கிறோம். எங்களில் யாருக்காவது மயக்கம் வந்தால் அன்று காலை சாப்பிடாமல் வந்திருப்பார்கள், அவ்வளவுதான். ஆக்சிஜனும் கரியமில வாயுவும் துணியிலும் சர்ஜிக்கல் முகக்கவசத்திலும் தாராளமாகப் போய்வரும்.

ராஜாமணி, 8:10
எனக்கு வந்தது, அனுப்பினேன் 🙏

முரளி, 8:11
அப்பா என் கட்சிதான் என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

கவிதா, 8:19
அவசரப்படாதே முரளி. ஓடுகிறபோது கழற்றியதில் தப்பில்லை. வியர்வையில் நனைந்து மூச்சு விடுவது சிரமமாகும் என்பதால் கடுமையான உடற்பயிற்சியின்போது அணிய வேண்டாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. திறந்தவெளியில் தொற்று நடந்ததா என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பதிவான தொற்றில் பத்து சதவீதத்துக்கும் குறைவுதான் வெளியில் நேர்ந்தது. மூச்சோடு வரும் நுண்துளிகளைக் காற்று சட்டென்று கலைத்துவிடும். மூடிய அறையில் அவை புகை மாதிரி தேங்கி நிற்கும்.
ஆனால் "வெளி" என்பதற்காக எல்லா வெளியும் ஒன்றாகிவிடாது. தீபாவளி வாரத்து ரங்கநாதன் தெருவுக்கும் கூரை கிடையாதுதான். அங்கே முகக்கவசம் இல்லாமல் உன்னைப் பார்த்தால் நானே கைத்தடி எடுப்பேன்.

சாரதா, 8:21
என் மருமகள் டாக்டர் சொல்லிவிட்டாள். கேட்டுக்கொள்.

முரளி, 8:22
அத்தை, அக்கா எனக்குத்தானே சாதகமாகச் சொன்னாள்?!

ரமேஷ், 8:30
நியூ ஜெர்சியில் இரவு பதினொன்று. தூங்கப் போகிறவனை எழுப்பி உட்கார வைத்துவிட்டீர்கள். இங்கே எல்லாம் தலைகீழ். போன திங்கட்கிழமை ஃபுளோரிடாவில் ஒரு நீதிபதி, விமானத்திலும் ரயிலிலும் முகக்கவசம் கட்டாயம் என்ற உத்தரவு செல்லாது என்று தீர்ப்பளித்தார். சில விமானங்களில் நடுவானிலேயே அறிவித்தார்கள், பயணிகள் கைதட்டினார்கள். நேற்று நான் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து முகக்கவசத்தோடு நடந்துகொண்டிருந்தேன். காரில் போன ஒருவன் கண்ணாடியை இறக்கி, "கழற்றிப் போடு, எல்லாம் முடிந்தாயிற்று" என்று கத்திவிட்டுப் போனான். அவனுக்கு என்ன நஷ்டம் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சிதம்பரம், 8:33
கார் என்றதும் டெல்லி நினைவுக்கு வருகிறது. காரில் தனியாகப் போனாலும் முகக்கவசம் அணிய வேண்டும், காரும் பொது இடம்தான் என்று போன வருடம் ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. இந்த பிப்ரவரியில்தான் தனியாக ஓட்டுகிறவர்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். ஏறக்குறைய பத்து மாதம், கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தன்னிடமிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

வித்யா, 8:41
பெரிய மாமா, சின்ன மாமா, எல்லோருக்கும் வணக்கம். முரளி அத்தான், கைத்தடியோடு தப்பித்தீர்கள் என்று சந்தோஷப்படுங்கள். இங்கே சிங்கப்பூரில் போன வருடம் மே மாதம், சுவா சூ காங் பகுதியில், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த 55 வயதுப் பெண் ஒருவர் வேலைக்குப் போகும் வழியில் வேகமாக நடந்துகொண்டிருந்தார். மூச்சு வாங்கியதால் முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கியிருந்தார். வேக நடைக்கு அப்போது விலக்கும் இருந்தது. எதிரே வந்த ஒரு ஜோடி மேலே ஏற்றச் சொன்னது. உடற்பயிற்சி செய்கிறேன் என்று விளக்கினார். அந்த ஆண் இனத்தைச் சொல்லித் திட்டி, ஓடிவந்து நெஞ்சில் உதைத்ததாகப் புகார். பிரதமர் லீ சியன் லூங்கே கண்டித்து எழுதினார்.

சாரதா, 8:43
அடப்பாவி! ஒரு பெண்ணையா?

வித்யா, 8:48
ஆமாம் அம்மா. அந்த வாரம் முழுவதும் வேலைக்கு நடந்து போகும்போது, மூச்சு முட்டினாலும் மூக்குக்குக் கீழே இறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. கிருமிக்குப் பயந்து இல்லை. இத்தனைக்கும் இங்கே விதி தெளிவாகத்தான் இருந்தது. 2020 ஏப்ரலிலிருந்து வெளியே வந்தால் கட்டாயம், முதல் தடவை பிடிபட்டால் 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். சொல்வதற்கென்றே பாதுகாப்பு இடைவெளித் தூதர்களை அடையாள அட்டையோடு நிறுத்தியிருந்தார்கள். அவர்கள் சொன்னால் யாரும் முறைக்க மாட்டார்கள். பக்கத்தில் போகிறவர் சொன்னால்தான் ரத்தம் கொதிக்கும்.
போன மாதம் 29ஆம் தேதியிலிருந்து திறந்தவெளியில் விருப்பப்பட்டால் அணியலாம் என்று மாற்றிவிட்டார்கள். ஆனாலும் எங்கள் புளோக்கில் முக்கால்வாசிப் பேர் இன்னும் போட்டுக்கொண்டுதான் நடக்கிறார்கள். யாரும் யாரையும் கேட்பதில்லை. நிம்மதி.

முரளி, 8:50
அங்கே தளர்த்துகிறார்கள், இங்கே இந்த மாதம் தளர்த்திய கையோடு மறுபடி இறுக்குகிறார்கள். ஒரு ஓட்டக்காரன் எதைத்தான் நம்புவது?

கவிதா, 8:53
ஐ.ஐ.டி. வளாகத்தில் இப்போது பரவியிருக்கிறதே, அதனால்தான் இந்த இறுக்கம். அது மாணவர் விடுதியில் பரவியது என்பதைக் கவனி. கடற்கரையில் இல்லை.

சிதம்பரம், 9:10
போன வருடம் மே மாதம் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பெரிதாகத் தட்டச்சு செய்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.
கீழ்ப்பாக்கத்தில் ரெம்டெசிவிர் என்ற கொரோனா மருந்தை விற்றார்களே, அந்த வரிசையில் என் மைத்துனருக்காக நின்றேன். இரவே வந்து செருப்பையும் செங்கல்லையும் வைத்து இடம் பிடித்தவர்கள் இருந்தார்கள். வெயில் ஏற ஏற, ஆளுக்கு ஆள் ஓரடியாவது விட்டுத்தான் நின்றோம். எல்லோர் கையிலும் நெகிழி உறைக்குள் டாக்டர் சீட்டு, ஆதார் நகல், பரிசோதனை முடிவு. எனக்கு முன்னால் நின்ற ஒரு பையனுக்குப் போன் வந்தது. மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, மருந்தின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் கத்தினான். பின்னால் நின்ற அம்மாள் கையிலிருந்த கோப்பாலேயே அவன் தோளில் ஒன்று வைத்தார். "மூடுடா வாயை! உன்னால் நாங்களும் படுக்க வேண்டுமா?" அவன் திரும்பி, "எங்கள் அம்மாவுக்குக் காது கேட்காது, மூடிக்கொண்டு பேசினால் புரியாது" என்று இன்னும் உரக்கக் கத்தினான்.
அடுத்த நொடி அந்த ஓரடியெல்லாம் போன இடம் தெரியவில்லை. வரிசை கலைந்து வட்டமாகிவிட்டது. அம்மாள் பக்கம் பத்துப் பேர், பையன் பக்கம் பத்துப் பேர், தோளோடு தோள் இடித்துக்கொண்டு இடைவெளியைப் பற்றி வாதாடுகிறோம். போலீஸ்காரர் ஒருவர் லத்தியைத் தட்டிக்கொண்டு வந்து, "சண்டை போடுகிறவர்கள் வரிசையின் கடைசிக்குப் போகலாம்" என்றார். எல்லோரும் கண நேரத்தில் ஊமையாகி அவரவர் செங்கல்லுக்குத் திரும்பினோம்.

ரமேஷ், 9:13
சித்தப்பா, நீங்கள் எந்தப் பக்கம்?

சிதம்பரம், 9:14
செங்கல் பக்கம். மைத்துனர் பிழைத்துவிட்டார். அந்த மருந்தால்தானா என்று கவிதாவிடம் கேட்டுவிடாதீர்கள், ஒரு மணி நேரம் பேசுவாள்.

கவிதா, 9:15
அப்பா!!

சாரதா, 9:20
ஆக, பிறத்தியாரை யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்கிறீர்களா? எச்சில் துப்புகிறவனைக் கேட்கக் கூடாது, நடைபாதையில் பைக் ஓட்டுகிறவனைக் கேட்கக் கூடாது. நாங்கள் வாயை மூடிக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறோம்.

முரளி, 9:23
கேளுங்கள் அத்தை. "தம்பி, கொஞ்சம் தள்ளி ஓடுப்பா, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று கேட்டிருந்தால் அலைக்குள் இறங்கியே ஓடியிருப்பேன். அவர் கேட்டது என் படிப்பறிவைப் பற்றி.

சாரதா, 9:25
உனக்கு நயமாகச் சொல்ல அவர் என்ன உன் மாமனாரா?

கவிதா, 9:31
சரி, ஒரு சந்தேகம். முன்பின் தெரியாதவரைக் கடற்கரையில் நிறுத்திக் கேட்கிறோம். சொந்தக்காரரைக் கேட்டிருக்கிறோமா? பொங்கலுக்குப் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் ஜன்னலைச் சாத்திவிட்டு இருபது பேர் உட்கார்ந்து டிவி பார்த்தோம். திருச்சித் தாத்தா விடாமல் இருமினார். அவரிடம் "முகக்கவசம் போடுங்கள்" என்று யாராவது சொன்னோமா? டாக்டர் என்று பெயர், நானே சொல்லவில்லை. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

ராஜாமணி, 9:33
அவருக்கு அது தூசு இருமல்.

கவிதா, 9:34
நம் வீட்டில் எல்லோருக்கும் எப்போதும் தூசு இருமல்தான் பெரியப்பா.

கவிதா, 9:36
அத்தை, கேட்கிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வைகாசியில் கார்த்திக் கல்யாணம். மண்டபம் ஏ.சி.தானே?

சாரதா, 9:37
முழு ஏ.சி. சாப்பாட்டுக் கூடத்துக்கும் சேர்த்து. அதற்காகத்தானே அவ்வளவு முன்பணம் கொடுத்தோம்?

கவிதா, 9:38
எத்தனை பேர்?

சாரதா, 9:41
நானூறு பேர் வருவார்கள். எதற்குக் கேட்கிறாய்?

முரளி, 9:42
நான் எதுவும் சொல்லவில்லை. சும்மா தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

கவிதா, 9:47
கடற்கரையில் ஓடும் முரளியைவிட எனக்கு அந்தக் கூடம்தான் கவலையாக இருக்கிறது அத்தை. நானூறு பேர், சாத்திய ஜன்னல், நாதஸ்வரத்துக்கு மேல் குரலை உயர்த்திப் பேச்சு, பந்தியில் முகக்கவசமே கிடையாது. பக்கவாட்டில் ஜன்னல் இருக்கிறதா என்று மண்டபக்காரரிடம் கேளுங்கள். முடிந்தால் ஏ.சி.யை நிறுத்திக் கதவுகளைத் திறந்துவிடலாம். பந்தியையாவது வெளியே பந்தல் போட்டு வைக்கலாம்.

சாரதா, 9:49
வைகாசி வெயிலில் பட்டுப்புடவையோடு, ஏ.சி. இல்லாமலா? சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்?

சிதம்பரம், 9:51
வாசலில் பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில் முகக்கவசப் பெட்டி வைத்துவிடலாம். சந்தனம், கற்கண்டு, முகக்கவசம்.

சாரதா, 9:52
வைக்கலாம். யார் போடுவார்கள்? மாப்பிள்ளையின் அம்மா, நான் மூக்கை மூடிக்கொண்டு "வாங்க வாங்க" என்றால் நன்றாகவா இருக்கும்? போட்டோவில் என் வைரத் தோடும் மூக்குத்தியும் எப்படித் தெரியும்?

வித்யா, 9:53
அம்மா, தோடு காதில் அல்லவா இருக்கிறது?

சாரதா, 9:54
மூக்குத்தி மூக்கில் இருக்கிறது. நீ சும்மா இரு.

ரமேஷ், 9:55
முரளி, அந்தப் பெரியவரின் போன் நம்பர் வாங்கினாயா? கைத்தடியோடு அவரையே மண்டப வாசலில் நிறுத்திவிடலாம்.

கார்த்திக், 10:02
இப்போதுதான் எழுந்தேன். 47 செய்திகள். என் கல்யாணத்தில் என்ன பிரச்சினை?

ராஜாமணி, 10:03
ஒன்றுமில்லை கார்த்திக். ஜன்னல்.

சாரதா, 10:06
கவிதா, மண்டபக்காரரிடம் பேசிவிட்டேன். மேற்குப் பக்கம் ஆறு ஜன்னல் இருக்கிறதாம். ஆனால் ஏ.சி. போட்டபோது ஆணி அடித்து மூடிவிட்டார்களாம். திறக்க வேண்டுமென்றால் தச்சர் செலவு நம்முடையது என்கிறார்.

கவிதா, 10:07
தச்சருக்கு நான் கொடுக்கிறேன் அத்தை.

சாரதா, 10:08
நீ ஏன் கொடுக்க வேண்டும்? முரளி கொடுப்பான். 500 ரூபாய் மிச்சம் பிடித்திருக்கிறானே.