சென்னையில் குடியேறியவருக்குப் பிரிட்டிஷ் ஓய்வூதியம் உயராதா?

மயிலாப்பூர்வாசி:
வணக்கம். என் அக்கா பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் நெடுங்காலம் செவிலியராகப் பணியாற்றி, 2016-இன் இறுதியில் ஓய்வு பெற்ற கையோடு சென்னைக்கு வந்துவிட்டார். அன்று வாரத்துக்கு 155.65 பவுண்டாகத் தொடங்கிய அவருடைய அரசு ஓய்வூதியம் இன்றும் அதே தொகைதான். அவரோடு ஒரே வார்டில் வேலை பார்த்து மணிலாவுக்குத் திரும்பிய தோழிக்கோ ஏப்ரல்தோறும் உயர்வு வருகிறதாம். இருவரும் ஒரே விதமாகத்தானே ஓய்வூதியத்துக்கான தேசியக் காப்பீட்டுச் சந்தா செலுத்தினார்கள்? புதிய இந்திய–பிரிட்டன் ஒப்பந்தத்தால் இந்நிலை மாறும் என்று சிலர் சொல்வது உண்மையா?

அண்ணாநகர் ஓய்வூதியர்:
அம்மா, இது அலுவலகத் தவறு அன்று. சட்டமே அப்படித்தான் இருக்கிறது. விலைவாசி உயர்வு, சராசரி ஊதிய உயர்வு, 2.5 சதவீதம் ஆகிய மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு ஆண்டுதோறும் ஓய்வூதியத்தைக் கூட்டுகிறார்கள். ஆனால் வெளிநாட்டில் வாழ்வோரைப் பொறுத்தவரை, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி, சுவிட்சர்லாந்து, அமெரிக்கா, பிலிப்பைன்ஸ் என, அதற்கு வழிசெய்யும் உடன்படிக்கை உள்ள நாடுகளில் இருப்போருக்கே அந்த உயர்வு கிடைக்கும். இந்தியா, இலங்கை மட்டுமல்ல, கனடாவும் ஆஸ்திரேலியாவும்கூட அதில் இல்லை. 2025-26-இல் முழு ஓய்வூதியம் 230.25 பவுண்டு, ஆக, அந்த ஆண்டுக் கணக்கில் உங்கள் அக்காவுக்கு வாரந்தோறும் 74.60 பவுண்டு இழப்பு. பவுண்டின் மதிப்பு ஏறியிருப்பதால் ரூபாய்க் கணக்கில் இந்த இழப்பு கண்ணில் படுவதில்லை.

சட்டம் படித்தவன்:
தென்னாப்பிரிக்காவில் குடியேறிய ஆனெட் கார்சன் தொடுத்த வழக்கு 2005-இல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவையிலும், 2010-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்திலும் தோற்றது. சந்தா செலுத்தியதனாலேயே வெளிநாட்டில் உயர்வு கோரும் உரிமை வந்துவிடாது என்பதே தீர்ப்பின் சாரம். எனவே இனி நாடாளுமன்றம் மனம் வைத்தால்தான் உண்டு. செலவைக் காரணம் காட்டி அடுத்தடுத்து வந்த அரசுகள் கைவிரித்துவிட்டன. 2025 ஜூலையில் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தத்தோடு சேர்த்துப் பேசப்பட்ட சமூகப் பாதுகாப்பு ஏற்பாடு, தற்காலிகப் பணிக்கு அனுப்பப்படும் ஊழியர்கள் இரு நாட்டிலும் சந்தா கட்டுவதைத் தவிர்ப்பதற்கானது. ஓய்வு பெற்றவர்கள் அதை நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை.

மயிலாப்பூர்வாசி:
நன்றி ஐயா. அக்கா பிரிட்டனுக்குப் போய்வந்தால் தொகை மாறுமா?

அண்ணாநகர் ஓய்வூதியர்:
தங்கியிருக்கும் நாட்களுக்கு மட்டும் நடப்பு விகிதம் கிடைக்கும். முன்கூட்டியே பிரிட்டிஷ் அரசின் சர்வதேச ஓய்வூதிய மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். திரும்பியதும் பழைய தொகைதான். நிரந்தரமாக அங்கேயே குடிபெயர்ந்தால் முழு உயர்வும் உண்டு, ஆனால் இந்த வயதில் அதற்காக யார் போவார்? அதைவிட, அவர்கள் அனுப்பும் உயிர்ச்சான்றுப் படிவத்தில் சாட்சிக் கையொப்பம் பெற்று உரிய காலத்தில் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். அது போய்ச் சேராவிட்டால் இருக்கும் தொகையும் நின்றுவிடும்.