வாசலில் பாதாள சாக்கடை, வீட்டுக்கு வர நான்கு வருஷம்

எங்கள் தெருவில் பாதாள சாக்கடைக்குப் பள்ளம் தோண்டியபோது அம்மாவுக்கு அத்தனை சந்தோஷம். செப்டிக் டேங்க் நிரம்பும்போதெல்லாம் லாரிக்குக் காசு கொடுத்துச் சலித்துப்போயிருந்தோம். குழாய் பதித்தார்கள், மேன்ஹோல் மூடி வந்தது, மேலே சிமென்ட் ரோடும் போட்டார்கள். எல்லாம் அரசுப் பணம். அப்புறம்தான் தெரிந்தது, எங்கள் வாசலிலிருந்து அந்தக் குழாய் வரைக்கும் இருக்கும் 12 அடி எங்கள் செலவு என்று.

இணைப்புக்கு வைப்புத்தொகை, புது ரோட்டை வெட்டக் கட்டணம், வாசலில் சேம்பர் (கழிவுநீர்த் தொட்டி) கட்டக் கொத்தனார் கூலி, பிளம்பர் கூலி. கூட்டிப் பார்த்தால் அப்பாவின் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல். பணத்தைக்கூட எப்படியாவது புரட்டியிருப்போம். இணைப்பு கொடுக்கப் பட்டா நகல் கேட்டதுதான் எங்களை உட்கார வைத்துவிட்டது. எங்கள் வரிசையில் 7 வீடுகள், ஒன்றுக்கும் பட்டா கிடையாது. வீட்டு வரி மட்டும் வருஷம் தவறாமல் கட்டி வந்தோம்.

நான்கு வருஷம் அப்படியே போனது. பிறகு அம்மாவின் மகளிர் குழுவே இறங்கியது. 7 வீட்டுப் பெண்களும் வரி ரசீதுகளை எடுத்துக்கொண்டு அலுவலகத்தில் போய் நின்றார்கள். ஒரு வாரம் இல்லை, மூன்று மாதம். கடைசியில் ரசீதே போதும் என்றார்கள், வைப்புத்தொகையைத் தவணையாகக் கட்டவும் விட்டார்கள். 7 வீட்டுக்கும் ஒரே நாளில் வெட்டியதால் கூலியும் குறைந்தது.

1990-களின் பிற்பகுதியில் சென்னையை ஒட்டிய ஆலந்தூரில் வீட்டுக்கு 5,000, கடைகளுக்கு 10,000 ரூபாய் என்று மக்களிடம் வைப்புத்தொகை திரட்டிப் பாதாள சாக்கடை கொண்டுவந்தார்கள். அன்றைய நகர்மன்றத் தலைவர் ஆர்.எஸ். பாரதி மக்களிடம் நேரில் பேசிச் சம்மதிக்க வைத்தது இன்றும் பாராட்டப்படுகிறது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அன்றாடக் கூலிக்காரருக்கு அன்றைய 5,000 ரூபாய் என்ன கனம் என்று எங்கள் கதைக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. தெருவில் குழாய் போடக் கோடிக்கணக்கில் ஒதுக்கும்போதே அந்த 12 அடிக்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும்.

*

அக்கா, உங்கள் கதையைப் படித்தேன். எங்கள் கிராமத்துக்கு வந்தது சாக்கடை இல்லை, குடிநீர்க் குழாய். வீடுகளுக்குக் குழாயில் குடிநீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்திலேயே வாசல் வரைக்குமான அந்தக் கடைசித் தூரமும் வந்துவிட்டது. அரசுப் பணத்தில் மத்திய அரசு பாதி, மாநில அரசு பாதி. உள்ளூர் வேலைச் செலவில் 10 சதவீதம் ஊர்ப் பங்கு. எங்கள் ஊரில் பாதிக்கு மேல் பட்டியல் சாதிக் குடும்பங்கள் என்பதால் 5 சதவீதம்தான். அதை உழைப்பாகவும் கொடுக்கலாம். நானும் சித்தப்பாவும் இரண்டு நாள் கடப்பாரை பிடித்தோம்.

எங்கள் சிக்கல் அதற்குப் பிறகு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது கணக்கு. எங்கள் காலனி கடைக்கோடியில் இருக்கிறது. முன் தெருக்களில் குழாயிலேயே மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள், எங்களுக்கு நூல் மாதிரி வருகிறது. ஆயா இன்னும் குடத்தோடு அடிபம்புக்குத்தான் போகிறது.

*

தம்பி, தண்ணீர் விடும் நேரத்தையும் ஒரு குடம் நிரம்ப எத்தனை நிமிஷம் ஆகிறது என்பதையும் தினமும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். காலனிக்குத் தனி வால்வு கேட்டு மனு எழுதி, அந்த நோட்டையும் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் கிராம சபை உண்டு. ஆயாவையும் கூட்டிப் போங்கள், அவரே பேசட்டும்.