பணம் எண்ணும் வேளையில் தேவனை நினைப்பது எப்படி?

கேள்வி (நெல்லைச் சகோதரி):

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். நான் ஒரு வங்கிக் கிளையில் காசாளராக வேலை செய்கிறேன். அதிகாலை 5 மணிக்கு எழுந்து, வேதம் வாசித்து ஜெபித்து, ஒரு வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டுதான் வீட்டிலிருந்து புறப்படுகிறேன். ஆனால் கவுண்டரில் உட்கார்ந்து முதல் நோட்டுக் கட்டைப் பிரித்ததும் அந்த வசனம் எங்கே போகிறதென்றே தெரிவதில்லை. மாலையில் கணக்கு நேரான பிறகுதான், இத்தனை மணி நேரமும் ஆண்டவரை ஒருமுறைகூட நினைக்கவில்லையே என்று நெஞ்சு உறுத்துகிறது. ‘இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்’ என்று பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினார். நானோ எண்ணும்போது கருத்துச் சிதறினால் குறைகிற தொகையைக் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டியவள். இரண்டையும் எப்படிச் சேர்த்துச் செய்வது?

பதில் (ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்):

சகோதரி, எண்ணும்போது எண்ணுவதிலேயே கருத்தாயிருங்கள். அந்த நேரத்தில் தேவன் உங்களிடம் கேட்பது அதைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யும் வேலையை ‘வெறும் வேலை’ என்று அவர் ஒதுக்கிவைத்துவிட்டு, ஜெபத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்பவர் அல்லர்.

17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் சபைத் துறவிகளின் மடத்தில் லாரன்ஸ் என்ற சகோதரர் ஒருவர் இருந்தார். போர்வீரராயிருந்து காலில் காயம்பட்டவர். மடத்தில் அவருக்குக் கொடுக்கப்பட்டது சமையலறை வேலை. அது இயல்பிலேயே அவருக்குப் பிடிக்காதது. ஆயினும் சட்டியில் முட்டையைத் திருப்பிப் போடுவதைக்கூடத் தேவன்மீதுள்ள அன்பினால் செய்யப் பழகினார். பலர் ஒரே நேரத்தில் பலவற்றைக் கேட்டு நிற்கும் அந்த இரைச்சலிலும், நற்கருணையின்முன் முழங்காற்படியிட்டிருக்கும்போது உள்ள அதே அமைதி தமக்கு இருந்தது என்று சொன்னார். அந்நிலைக்கு வருமுன் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் உள்ளத்தில் மிகவும் பாடுபட்டார் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. மறந்துபோனதை உணர்ந்ததும், நீர் என்னை விட்டுவிட்டால் நான் இப்படித்தான் இருப்பேன் என்று அறிக்கையிட்டுவிட்டு, அதையே நினைத்து வருந்திக்கொண்டிராமல் திரும்பவும் வேலைக்குப் போய்விடுவார். உங்கள் உறுத்தலுக்கு இதுவே மருந்து என்று எனக்குத் தோன்றுகிறது. நினைவு கூருதல் என்பது அறாமல் ஓடும் எண்ணமன்று, திரும்பத் திரும்ப அவரிடம் வருவதே. மாலையில் வருகிற அந்த உறுத்தலும் ஒரு திரும்புதல்தான். அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளாமல் அழைப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.

வேதத்தில் வரும், பாரசீக ராஜாவின் பானபாத்திரக்காரனாயிருந்த நெகேமியாவையும் பாருங்கள். அர்தசஷ்டா ராஜா ‘நீ கேட்கிற காரியம் என்ன’ என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கும் அவன் சொல்லப்போகும் பதிலுக்கும் இடையிலேயே பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணிவிடுகிறான். ஒரு மூச்சுக்குமேல் நேரம் இருந்திருக்காது. ஒரு வாடிக்கையாளர் நகர்ந்து அடுத்தவர் வருமுன் உங்களுக்கும் அவ்வளவு நேரம் கிடைக்கும்.

பதில் (தூத்துக்குடி):

நான் கத்தோலிக்கச் சபையைச் சேர்ந்தவன். எங்களிடம் இதற்கென்றே மனவல்லய செபம் என்ற பழக்கம் உண்டு. ‘இயேசுவே, இரக்கமாயிரும்’ என்பதுபோல ஒரே மூச்சில் சொல்லி முடிக்கும் வேண்டுதல் அது. காலை, நண்பகல், மாலை என மூவேளையும் கோயில் மணியடிக்கும்போது திரிகால செபமும் சொல்வோம். என் பாட்டி அரிவாள்மனையில் மீன் நறுக்கிக்கொண்டிருப்பார். உச்சிமணி கேட்டதும் மீனைச் சட்டியில் போட்டுவிட்டு, செதில் ஒட்டிய கையைப் புறங்கையால் மட்டும் முந்தானையில் ஒற்றிக்கொண்டு எழுந்து நிற்பார். ‘ஆண்டவருடைய தூதர் மரியாளுக்குத் தூதுரைத்தார்’ என்று தொடங்கி முடித்ததும், அதே மீனை எடுத்து விட்ட இடத்திலிருந்து நறுக்குவார். மணி கேட்காத இடத்தில் வேலை செய்கிறவர்கள் தங்களுக்கென்று ஒரு மணியை ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

பதில் (மதுரை வாசகர்):

ஒரு சிறு எச்சரிக்கை. ‘வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள்’ என்று ஆண்டவரே சொல்லியிருப்பதால், ஒரு வாக்கியத்தை எத்தனை முறை சொன்னோம் என்று எண்ணத் தொடங்கினால் அதுவும் இன்னொரு நோட்டுக் கட்டாகிவிடும். குறுகிய ஜெபத்தை நான் மறுக்கவில்லை, ‘தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்’ என்ற ஆயக்காரனின் (வரி வசூலிப்பவனின்) ஜெபமும் குறுகியதே. அவன் அதை எத்தனை தரம் சொன்னான் என்று சுவிசேஷத்தில் லூக்கா எழுதவில்லை. மார்பில் அடித்துக்கொண்டான் என்றுதான் எழுதியிருக்கிறார்.

கேட்டவர்:

எல்லாருக்கும் நன்றி. அடுத்த டோக்கனை அழைக்கும் பொத்தானையே எனக்கு மணியாக வைத்துக்கொண்டேன். அதை அழுத்துமுன், ‘ஆண்டவரே, வருகிறவர் உம்முடையவர்’ என்று மனதுக்குள் சொல்கிறேன். முதல் நாள் நான்கு முறைதான் நினைவு வந்தது. மாதத் தொடக்கத்துக் கூட்டத்தில் ஒருமுறைகூட வரவில்லை. ஆனால் நேற்று, முதியோர் உதவித்தொகை வாங்க வந்த ஓர் அம்மா, கைநாட்டு வைத்த விரலை எதில் துடைப்பது என்று தெரியாமல் தூக்கிப் பிடித்தபடி நின்றார். வழக்கமாக நான் அடுத்த எண்ணை அழைத்திருப்பேன். பொத்தானுக்குப் போன கையை எடுத்து, என் கைக்குட்டையைக் கம்பி வழியே நீட்டினேன்.