நோயைப் போனில் தேடுகிறவர்களிடம் நாங்கள் பார்ப்பது

தக்கலை, மருந்துக்கடை:
பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பாரசிட்டமால் எத்தனை எம்எல் என்று தேடிப் பார்த்துவிட்டுக் கொடுக்கிறார்கள். எம்எல் கணக்கில்தான் ஆபத்து. அமெரிக்கப் பக்கங்கள் சொல்லும் சிரப்பில் 5 எம்எல்லுக்கு 160 மில்லிகிராம். நம்மூர் டிராப்ஸில் 1 எம்எல்லிலேயே 100. அங்கே சொன்ன 5 எம்எல்லை டிராப்ஸில் ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 10 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 150 போதும். அது டிராப்ஸில் 1.5 எம்எல், 5 எம்எல்லுக்கு 125 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 6 எம்எல், 250 உள்ள சிரப்பில் 3 எம்எல். லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும், தயவுசெய்து படித்துவிட்டு ஊற்றுங்கள். ஒரு குப்பியின் டிராப்பரை இன்னொன்றுக்கு மாற்றாதீர்கள். மூன்று மாதம் நிறையாத பிள்ளை என்றால் கணக்கே வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி.

நாகர்கோவில், லேப்:
சுகரிலும் இதே கோளாறு. மில்லிமோல் (mmol/L) அளவில் சொல்லும் வெளிநாட்டுப் பக்கத்தில் வெறும்வயிற்றுச் சுகர் 7 என்று இருப்பது, மில்லிகிராமில் (mg/dL) வரும் நம் ரிப்போர்ட்டில் 126. பதினெட்டால் பெருக்கணும்.

குலசேகரம், செவிலியர்:
மஞ்சக்காமாலை என்று தட்டினால் கீழாநெல்லியும் மோரும் பத்தியமும்தான் வரிசையாக வரும். மழைக்குப் பிறகு வயலிலோ வாழைத்தோட்டத்திலோ வெறுங்காலோடு தண்ணீரில் நின்றவருக்குக் கண் மஞ்சளானால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். வைரஸ் காமாலையில் கண் மஞ்சளாகும் நேரம் பெரும்பாலும் காய்ச்சல் விட்டிருக்கும். எலிக்காய்ச்சலில் இரண்டும் சேர்ந்தே நிற்கும். கெண்டைக்காலை அமுக்கினால் துடித்துப்போவார்கள், கண் பீளையில்லாமல் சிவந்திருக்கும். மூத்திரம் குறைந்தால் கிட்னியில் ஏறிவிட்டது, ஒரு நாள்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது. பத்தியம் பார்த்தே மூன்று நாளைக் கழித்துவிடுகிறார்கள், அதுதான் மனசுக்கு ஆறவில்லை. எலிக்காய்ச்சலுக்கு எடுக்கும் ஐஜிஎம் ரத்த டெஸ்ட் முதல் நாலைந்து நாளில் நெகட்டிவ் காட்டலாம். அதைப் பார்த்து, டாக்டர் தொடங்கிய மாத்திரையை நிறுத்தாதீர்கள். தண்ணீரில் நின்ற நாளை அவரிடம் சொல்லுங்கள், ரிப்போர்ட்டைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

மார்த்தாண்டம், ஈசிஜி டெக்னீஷியன்:
'வாயுப் பிடிப்பு' என்று தேடி இஞ்சிச்சாறு குடித்துவிட்டு வருகிறார்கள். நெஞ்சு அடைத்து, வேர்த்துக் கொட்டி, தாடைக்கோ கைக்கோ வலி ஏறினால் 108-ஐக் கூப்பிடுங்கள். சுகர்க்காரர்களுக்கு வலியே இல்லாமல் மூச்சு மட்டும் வாங்கலாம். முதல் ஈசிஜி நார்மலாக இருந்தும் வலி நிற்கவில்லை என்றால், வீட்டுக்குக் கிளம்பாமல் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.